பவளக் கிளையில் ஒண்டுக்குடித்தனம்: ‘ஒகியானோஸ் எக்ஸ்புளோரர்’ ஆழ்கடல் நேரலை பற்றிய மதிப்புரை

ஆழ்கடலைக் காட்டும் எந்த ஒளிபரப்பையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: ஒரு பவளம் எதிர்ப்பட்டால் கேமரா அதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறது? சுறாவோ ஆக்டோபஸோ குறுக்கே வந்தால் யார் வேண்டுமானாலும் நின்று காட்டிவிடுவார்கள். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில், ஒரு பாறை விளிம்பில் செடி போல நிற்கும் பவளத்தின் எதிரே நான்கு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள இயந்திரத்தை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, அடித்தண்டிலிருந்து நுனிவரை கிளை கிளையாக லென்ஸை நகர்த்தி, அதில் குடியிருக்கும் புழுவையும் நண்டினத்தையும் நட்சத்திர உயிரையும் ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தச் சிற்றுயிர்கள் முக்கியமானவை என்ற நம்பிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, தன் ‘ஒகியானோஸ் எக்ஸ்புளோரர்’ கப்பலிலிருந்து வழங்கும் ஆழ்கடல் நேரலையில் இந்த இரண்டையும் நான் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளாகப் பார்த்து வந்த அனுபவத்தில், பவளங்களில் வாழும் சிற்றுயிர்களைக் காண விரும்புகிறவர்களுக்கு இது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்புக் கப்பலாக ‘கேப்பபிள்’ என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த இது, மாற்றியமைக்கப்பட்டு 2008ஆம் ஆண்டு ஆய்வுக் கப்பலாகப் பணிக்கு வந்தது. இதிலிருந்து இறக்கப்படும் ‘டீப் டிஸ்கவரர்’ என்ற ஆளில்லா ஊர்தி 6000 மீட்டர் ஆழம்வரை செல்லக்கூடியது. அதற்கும் கப்பலுக்கும் இடையில் ‘சீரியோஸ்’ என்ற இன்னொரு கருவி தொங்கிக்கொண்டிருக்கும். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது உண்டாகும் குலுக்கலை இந்த இடைக்கருவி தாங்கிக்கொள்வதால், கீழே இருக்கும் ஊர்தி ஒரே இடத்தில் அமைதியாக நிற்க முடிகிறது. கேட்பதற்கு இது ஏதோ பொறியியல் நுணுக்கம் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு விரல்நகத்தை விடச் சிறிய உயிரைத் திரை நிறையக் காட்டும்போது இந்த அமைதி இல்லையென்றால் நமக்குக் கலங்கிய படம்தான் கிடைக்கும். மூன்று மீட்டர் தொலைவில் நின்றபடியே ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உயிரை நெருங்கிக் காட்டும் அளவுக்கு இதன் முதன்மைக் கேமரா வல்லது. கடலடியில் எடுக்கப்படும் படம் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்து, இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியாகிறது. கட்டணம் எதுவுமில்லை.

இதைப் பார்க்க உட்காருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோகக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்வது நல்லது. இரண்டாயிரம் மீட்டர் இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுவதும் திரையில் கருநீலமும், பிறகு முழு இருளும், அந்த இருளில் விளக்கு வெளிச்சம் பட்டுச் சிதறும் வெண்துகள்களும்தான். கடற்பனி என்று சொல்லப்படும் அந்தத் துகள்கள், மேல்மட்டத்தில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சமும் கழிவும் சேர்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்குபவை. சலிப்பாகத் தோன்றும் இந்தக் காட்சியைப் பொறுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடியில் நாம் பார்க்கப்போகிற பவளங்களும், அவற்றில் குடியிருப்பவையும் பெரும்பாலும் இந்தத் துகள்களையும், நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களையும் உண்டுதான் வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவில் நமக்குப் பழக்கமான பவளங்கள் தம் திசுவுக்குள் பாசியை வளர்த்து, சூரிய ஒளியின் துணையால் பிழைப்பவை. ஒளியே எட்டாத ஆழத்தில் அந்த வழி இல்லை. அறியப்பட்ட பவள இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இப்படி ஐம்பது மீட்டருக்கும் கீழே வாழ்பவை என்ற செய்தியைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நீரோட்டத்தில் வரும் உணவைப் பிடிக்க வேண்டுமென்றால் உயரமான இடம் வேண்டும். தரையை ஒட்டி ஓட்டம் மெதுவாக இருக்கும். சற்று மேலே போனால் வேகமாக இருக்கும். பவளம் தன் உடலாலேயே அந்த உயரத்தைக் கட்டிக்கொள்கிறது. கட்ட முடியாத சிற்றுயிர்கள் பவளத்தின் மேல் ஏறிக்கொள்கின்றன. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த நேரலையில் காட்டப்படும் ஒவ்வொரு பவளமும் ஒரு வீடாகத் தெரியத் தொடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சியைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டு இந்தக் கப்பல் வடமேற்கு அட்லாண்டிக்கில் உள்ள நியூ இங்கிலாந்து கடல்மலைகளையும் கார்னர் ரைஸ் கடல்மலைகளையும் ஆராய்ந்தது. அந்தப் பகுதியில் மெட்டலோகோர்கியா மெலனோட்ரைக்கோஸ் என்ற பவளம் வாழ்கிறது. இளம் பருவத்தில் அதன் தண்டின் நெடுகக் கிளைகள் இருக்கும். வளர வளரக் கீழ்க்கிளைகள் உதிர்ந்து, உலோகம் போல மினுங்கும் வெற்றுத் தண்டின் உச்சியில் மட்டும் இளஞ்சிவப்புக் குடை ஒன்று விரிந்து நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் ஒற்றைப் பனைமரம் நிற்பது போல இருக்கும். கேமரா நெருங்குகிறது. அளவு காட்டுவதற்காக ஊர்தி வீசும் இரண்டு சிவப்பு லேசர்ப் புள்ளிகள், பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், குடையின் மேல் விழுகின்றன. இன்னும் நெருங்குகிறது. குடையின் கிளைகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் பவள உயிர்கள் (இவை பல சேர்ந்ததுதான் ஒரு பவளம்), ஒவ்வொன்றும் எட்டுக் கைகளை விரித்தபடி, தனித்தனியாகத் தெரிகின்றன. அப்போதுதான் கிளைகள் பிரியும் இடத்தில் ஏதோ ஒன்று வளைந்து சுற்றிக்கொண்டிருப்பது கண்ணில் படும். முதலில் அதுவும் ஒரு கிளை என்றே நினைப்போம். பிறகு அதன் நுனி சுருண்டு, மெல்ல விரிந்து, மீண்டும் சுருளும். அது ஒஃபியோகிரியாஸ் ஈடிபஸ். பிரிட்டில் ஸ்டார், அதாவது நொறுங்கு நட்சத்திரம் என்ற வகையைச் சேர்ந்தது. சிறிய வட்ட உடலும், பாம்பு போல நெளியும் ஐந்து நீண்ட கைகளும் கொண்ட உயிர்.

ஒரு பவளத்தில் ஒரு நட்சத்திரம்தான் இருக்கும். இரண்டாவது இருப்பதில்லை. செலஸ்ட் மோஷர், லெஸ் வாட்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இணையைப் பற்றி 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய பவளத்தில் சிறிய நட்சத்திரமும், பெரிய பவளத்தில் பெரிய நட்சத்திரமும் இருப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள். நட்சத்திரம் தன் இளம் பருவத்திலேயே இளம் பவளத்தில் வந்து தங்கி, அதோடு சேர்ந்தே வளர்ந்து, அங்கேயே வாழ்நாளைக் கழிக்கிறது என்பது அவர்கள் முடிவு. நட்சத்திரத்துக்கு உயரமும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. பவளத்துக்குத் தெளிவான நன்மையோ தீமையோ தென்படவில்லை.

இந்த இரண்டு உயிர்களுக்கும் விஞ்ஞானப் பெயர் கிடைத்த கதை, இந்த ஒளிபரப்பின் மதிப்பை எனக்கு உணர்த்தியது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் அடியிலிருந்து வாரிக்கொண்டுவந்த உயிர்கள், வகைவாரியாகப் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு நிபுணர்களுக்கு அனுப்பப்பட்டன. நட்சத்திர உயிர்கள் ஒருவரிடம் போயின. பவளங்கள் வேறு இருவரிடம் போயின. நட்சத்திரத்துக்கு 1879இலும் பவளத்துக்கு 1889இலும் பெயர் வைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பிரியாத இரண்டும் பத்தாண்டு இடைவெளியில், இரண்டு வெவ்வேறு நூல்களில் பதிவாயின. வலை எதைக் கொண்டுவருகிறது என்று பார்த்தால் உயிர்கள் கிடைக்கும். எது எதோடு வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள அவை இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். நூறாண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்கே கிட்டாதிருந்த அந்தக் காட்சியை, இன்று மாதக் கணக்கில் இணையத்துக்குப் பணம் கட்டுகிற எவரும் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காள் மகள் என்னோடு உட்கார்ந்து இந்தப் பவளத்தைப் பார்த்தாள். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா, அந்தப் பவளம் செத்துப்போனா அது எங்க போகும்?” என்று கேட்டாள். அந்தக் கடல்பகுதியில் அந்த நட்சத்திரம் வேறு எதன் மேலும் வாழக் காணோம் என்பதைத்தான் நான் அவளுக்குச் சொல்ல முடிந்தது. கார்னர் ரைஸ் கடல்மலைகளில் 1970களிலிருந்து சோவியத் இழுவைக் கப்பல்கள் மீன்பிடித்திருக்கின்றன. அங்கே இறங்கிய ஆய்வாளர்கள் சில மலையுச்சிகளில் இழுவை மடி, அதாவது கடலடியில் இழுத்துச் செல்லும் பெருவலை, தேய்த்த தடங்களையும், உயிர்கள் வழித்தெடுக்கப்பட்ட வெறும் பாறைகளையும் கண்டு 2007இல் எழுதியிருக்கிறார்கள். ஹவாய்க் கடலில் எடுத்த லியோபேத்தஸ் என்ற கருப்புப் பவளம் ஒன்றின் வயது ஏறத்தாழ 4265 ஆண்டுகள் என்று 2009இல் கணக்கிடப்பட்டது. எல்லாப் பவளங்களும் அவ்வளவு காலம் வாழ்வதில்லை என்றாலும், ஆழத்தில் வளர்ச்சி மிக மெதுவானது. ஒரு மடி ஒரு முறை தேய்த்துக்கொண்டு போனால், வீடும் போகும், அந்த வீட்டில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த உயிரும் போகும். நல்ல வேளையாக, நியூ இங்கிலாந்து கடல்மலைகளில் பேர், ஃபிசாலியா, ரெட்ரீவர், மைட்டிலஸ் என்ற நான்கும் மூன்று கடலடிப் பள்ளத்தாக்குகளும் 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. இந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் வரைபடத்தில் உள்ள புள்ளிகளாக இருக்காது.

நட்சத்திர இணையைக் காட்டுவது எளிது, அது பெரியது. இந்தக் குழுவின் திறமை தெரியும் இடம் செதில்புழுக்களைக் காட்டும்போதுதான். கேண்டிடெல்லா இம்பிரிகேட்டா என்ற வெண்பவளம் ஒன்று இருக்கிறது. அதன் கிளைகளை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது. நெருங்கிப் பார்த்தால், பவள உயிர்களின் அடிப்பக்கத்துச் செதில்கள் சில அளவுக்கு மீறி அகன்று, ஒன்றோடொன்று வளைந்து சேர்ந்து, கிளை நெடுக ஒரு குடைவழி போல அமைந்திருப்பது தெரியும். அந்தக் குடைவழிக்குள் கோர்கோனியாபோலினோயே என்ற இனத்துப் புழு வாழ்கிறது. முதுகில் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் அடுக்கிய புழு அது. புழு வந்து தங்கியதால் பவளம் தன் செதில்களின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு, அதற்கு ஓர் அறை கட்டிக்கொடுத்திருக்கிறது. குடியிருக்க வந்தவருக்காக வீட்டுக்காரர் சுவர் எழுப்பிக் கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. விளக்கு வெளிச்சம் சற்றுச் சாய்வாக விழுந்தால்தான் அந்தக் குடைவழி புலப்படும். நேராக அடித்தால் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிடும்.

பவளக் கிளைகளில் அடிக்கடி காணப்படும் இன்னொரு குடித்தனக்காரர், ஆங்கிலத்தில் ஸ்குவாட் லாப்ஸ்டர் என்று வழங்கப்படும் உயிர். பெயரில் சிங்கி இறால் இருந்தாலும், உறவுமுறையில் இது துறவி நண்டுகளுக்குத்தான் நெருக்கம். உடலைப் போலப் பல மடங்கு நீளமான இரண்டு மெல்லிய கொடுக்குக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, வாலை அடியில் மடித்துக்கொண்டு, கிளைக் கவட்டில் உட்கார்ந்திருக்கும். ஊர்தி நெருங்கினால் ஓடாது. கிளையின் மறுபக்கத்துக்கு மெதுவாக நகர்ந்துகொள்ளும். அதன் வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருப்பதைக் கேமரா காட்டும்போது, தொலைபேசித் தொடர்பில் இருக்கும் விஞ்ஞானிகளின் குரலில் மகிழ்ச்சி தெரியும்.

அந்தக் குரல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஒளிபரப்பில் பின்னணி இசை கிடையாது. எழுதி வைத்துப் படிக்கும் வர்ணனையும் கிடையாது. கப்பலில் இருக்கும் இருவரும், பல ஊர்களில் தம் அறைகளிலிருந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிபுணர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் நாம் கேட்கிறோம். பவளம் தெரிந்தவர் பவளத்தின் பெயரைச் சொல்வார்; நட்சத்திர உயிர் தெரிந்தவர் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகச் சொல்வார்; யாருக்கும் தெரியாத உயிராக இருந்தால், தெரியவில்லை என்று திறந்து சொல்லிவிடுவார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே சமயம், இது பொதுமக்களுக்கென்று அமைக்கப்பட்ட உரையாடல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில், இலத்தீன் பெயர்கள் நிறைந்ததாக, ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறியதாக இருக்கும். முதன்முறை கேட்பவருக்கு ஏழெட்டுச் சொற்களுக்கு ஒன்றுதான் பிடிபடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலைந்து இறக்கங்களைப் பார்த்த பிறகு, சொற்கள் தாமாகவே இடத்தில் அமர்ந்தன.

இதற்குத் துணையாக நோவா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஆழ்கடல் அடித்தள உயிர்களின் அடையாளக் கையேட்டைப் பரிந்துரைக்கிறேன். ஊர்திகள் எடுத்த படங்களையே தொகுத்து, வகைவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஒளிபரப்பு முடிந்ததும் கையேட்டில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். அதில் ஒரு குறை உண்டு: உயிர்கள் குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு பவளத்தையும் அதில் குடியிருப்பவற்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர் பக்கம் பக்கமாகத் தாவ வேண்டியிருக்கிறது. சேலஞ்சர் காலத்து அலமாரி முறையே இங்கும் தொடர்கிறது. “இந்தப் பவளத்தில் இவை இவை காணப்பட்டன” என்று ஒரு பக்கம் இருந்திருந்தால், என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும். சேகரிக்கும்போது மட்டும் அவர்கள் இதில் கவனமாக இருக்கிறார்கள். பவளத்தின் ஒரு கிளையை வெட்டி மேலே கொண்டுவந்தால், அதோடு ஒட்டி வந்த ஒவ்வொரு சிற்றுயிரையும் தனியாகப் பிரித்து, எந்தப் பவளத்தோடு வந்தது என்ற குறிப்போடு பதிவு செய்கிறார்கள். உயிர் மாதிரிகள் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

அப்படிக் கொண்டுவந்த கிளைகள் சில நேரம் எதிர்பாராததைக் கொடுத்துவிடும். இது ஒகியானோஸ் கப்பலில் நடந்ததன்று. ஆனால் இதே கடல்மலைப் பகுதியில் 2005இல் நடந்த பயணம் ஒன்றில், பவளக் கிளையில் ஒட்டியிருந்த ஒரு முட்டையை மேலே கொண்டுவந்தார்கள். அது பொரிந்து, காது போன்ற துடுப்புகளை அசைத்துக்கொண்டு ஒரு டம்போ ஆக்டோபஸ் குஞ்சு வெளியே வந்தது. அந்த வகை ஆக்டோபஸ் குஞ்சு எப்படிப் பிறக்கிறது என்பதை விவரிக்கும் கட்டுரை 2018இல் வெளிவந்தது. அதைப் படித்த பிறகு, கிளைகளில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு உருண்டையையும் நான் கூர்ந்து பார்க்கிறேன்.

குடித்தனக்காரர்களால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் தெரியும். ஐரோப்பியக் கடல்களில் லோஃபீலியா என்ற வெண்பவளம் பெருந்திட்டுகளாக வளர்கிறது. அதனூடே யூனிஸ் நார்வேஜிகா என்ற நீண்ட புழு காகிதம் போன்ற குழாய் கட்டி வாழ்கிறது. அந்தக் குழாயின் மேல் பவளம் சுண்ணாம்பு பூசி அதைத் தன் கட்டடத்தின் பகுதியாக்கிக்கொள்கிறது. புழு பவளத்தின் உணவைப் பறித்துத் தின்பதும் உண்டு. ஆனாலும் தொட்டியில் வைத்துச் சோதித்தபோது, புழு இருந்த பவளம் நான்கு மடங்குவரை அதிகமாகச் சுண்ணாம்பு படியச் செய்தது என்று 2013இல் பதிவானது.

இரண்டாவது விடை துயரமான இடத்திலிருந்து வந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. அந்த ஆண்டு நவம்பரில், எண்ணெய் கசிந்த கிணற்றிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1370 மீட்டர் ஆழத்தில், பாராமுரிசியா பிஸ்காயா பவளங்கள் பழுப்பு நிறப் படிவம் மூடிக் கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பவளங்களில் பலவற்றை ஆஸ்டெரோஸ்கீமா என்ற நொறுங்கு நட்சத்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பவளங்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிட்டபோது, நட்சத்திரம் சுற்றியிருந்த இடத்துக்கு அருகிலிருந்த கிளைகளில் பாதிப்பு குறைவாகவும், மீட்சி கூடுதலாகவும் இருந்தது. அவற்றின் கைகள் அசைந்து அசைந்து படிவத்தைத் துடைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிளையையும் அருகிலிருந்து தெளிவாகப் படமெடுக்கும் பழக்கம் இல்லாதிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பவளத்தின் முன் நின்று பார்ப்பதை நேரவிரயம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இனிப் பார்ப்பதில் உள்ள சிரமங்கள். முதலாவது, நேரம். கப்பல் அமெரிக்காவின் கிழக்குக் கரைப்பக்கம் இருந்தால், அங்கே காலையில் தொடங்கும் இறக்கம் நமக்கு மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டிப் போகும், சமாளிக்கலாம். ஹவாய்ப் பக்கம் போய்விட்டால், அங்கே காலை எட்டு மணி நமக்கு இரவு பதினொன்றரை. வேலைக்குப் போகிறவர்களால் முடியாது. இரண்டாவது, கடலும் வானிலையும். காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு இறக்கமே இருக்காது. ஊர்தி இல்லாமல் கடலடி வரைபடம் மட்டும் தயாரிக்கும் பயணங்களும் உண்டு, அப்போது காண்பதற்கு ஒன்றும் இராது. ஆகவே பயண அட்டவணையை முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். மூன்றாவது, நம் பக்கத்துச் சிக்கல். என் பகுதியில் இணையம் தரும் நிறுவனம் ஒன்று, கேமரா ஒரு மூங்கில் பவளத்தை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இணைப்பைத் துண்டித்து, மறுநாள் மதியம்தான் சரிசெய்தது. அன்றிலிருந்து நான் நேரலையை மட்டும் நம்பியிருப்பதில்லை. பதிவுகளைத் தேடிப் பார்க்கிறேன். முக்கிய இறக்கங்களின் காணொளிகள் பின்னரும் கிடைக்கின்றன. உண்மையைச் சொல்லப்போனால், சிற்றுயிர்களைப் பார்ப்பதற்குப் பதிவுதான் மேல். நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், கிளையா கையா என்று சந்தேகம் வந்த இடத்தை நாலு முறை ஓட்டிப் பார்க்கலாம். நேரலையில் இருப்பது வேறொரு சந்தோஷம்: அந்த நொடியில் அந்த உயிரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிலரில் நாமும் ஒருவர் என்பது.

இதே போன்ற சேவைகள் வேறு இரண்டு உள்ளன. ஷ்மிட் பெருங்கடல் நிறுவனம் தன் ‘ஃபால்கோர் (டூ)’ கப்பலிலிருந்து ‘சுபாஸ்டியன்’ என்ற ஊர்தியை இறக்குகிறது. அது 4500 மீட்டர்வரை போகும். படத்தின் தெளிவு அபாரமானது. 2025இல் அர்ஜென்டினா விஞ்ஞானிகள் மார் டெல் பிளாட்டா பள்ளத்தாக்கில் நடத்திய இறக்கங்களை அந்த நாட்டு மக்கள் திரள் திரளாகப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் மக்களின் சொந்த மொழியான ஸ்பானியத்தில் பேசியது அதற்கு ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கடலாய்வாளர் ராபர்ட் பல்லார்ட் நிறுவிய அமைப்பு நடத்தும் ‘நாட்டிலஸ்’ கப்பலின் ஒளிபரப்பில் பேச்சு கலகலப்பாக இருக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க அதுவே ஏற்றது. ஆனால் பவளத்தின் முன் நின்று, அடித்தண்டிலிருந்து நுனிவரை முறையாகப் பார்த்துக்கொண்டு போகும் ஒழுங்கில் ஒகியானோஸ் கப்பலின் குழுவே என் கணிப்பில் முன்னால் நிற்கிறது. சில சமயம் ஒரே பவளத்தில் பத்து நிமிடம் செலவழிப்பார்கள். விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு அது குறை. நான் இதைப் பார்ப்பதற்கு அதுதான் காரணமே.

விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கும், நம் கடற்கரையோரப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முழு இறக்கத்தையும் வகுப்பில் ஓட்ட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு வடஅட்லாண்டிக் பயணத்தின் பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இறங்கும் நேரத்தைத் தாண்டிவிட்டு, வெற்றுத் தண்டின் மேல் இளஞ்சிவப்புக் குடை விரித்த பவளம் வரும்வரை பொறுத்திருங்கள். வந்ததும் ஒலியைக் குறைத்துவிடுங்கள். திரையை முழு அளவில் வைத்து, லேசர்ப் புள்ளிகளை விட்டுவிட்டு, குடையின் கிளைகள் தண்டோடு சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். ஒரு நிமிடம் ஒன்றும் அசையாது. பிறகு, கிளை என்று நினைத்திருந்த ஒன்றின் நுனி மெல்லச் சுருளும்.